நவமிக்கு நானூற்று எண்பது தோசை

எங்கள் குடும்பத்தில் கணக்கைத் தாளில் போட்ட முதல் ஆள் நான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் விரலிலும் மனசிலும் போட்டார்கள். பெரிய பிசகு ஏதும் வந்ததாகக் கேள்விப்படவில்லை. தாளுக்கு வந்த பிறகுதான் வந்தது.

அப்பா லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மெஸ்ஸில் தோசை மாஸ்டர். மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே கொல்கத்தாவுக்கு வந்தவர். கல்லுக்கு முன்னால் நின்றால் ஆறு தோசையையும் பத்து ஆர்டரையும் ஒரே நேரத்தில் நினைவில் வைத்திருப்பார். ஆனால் எந்த பஸ் எங்கே போகிறது என்று யாரையாவது கேட்டுத்தான் ஏறுவார். அம்மாவுக்கு மொபைல் வந்த பிறகு எண்கள் மட்டும் பழக்கம். நான் பக்கத்திலிருந்த ஹிந்திப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. தமிழ் எழுத்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வந்தது, வங்காளி பாஷை தெருவில் வந்தது. கணக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது, ஆனால் வந்துவிட்டது என்று வீட்டில் நம்பினார்கள். மளிகைச் சீட்டு, கரண்ட் பில், வாடகை ரசீது எல்லாம் முதலில் என்னிடம் வரும். நான் ஒரு தடவை பார்த்துத் தலையாட்டினால்தான் அப்பா சட்டைப் பையில் கையை விடுவார். அந்த வயதில் அவ்வளவு அதிகாரம் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

அந்த வருஷம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை காலியானது. அட்வான்ஸ் முப்பதாயிரம். துர்கா பூஜை முடிந்து லட்சுமி பூஜை வரை பொறுத்திருப்பதாக வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதற்குள் பணம் வந்தால் அப்பா மெஸ்ஸை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போடலாம். பன்னிரண்டு வருஷம் இன்னொருவர் கல்லில் ஊற்றியவர், அந்த அறையை மூன்று தடவை கூட்டிப் போய் எங்களுக்குக் காட்டினார். மூன்றாவது தடவை கல் எங்கே இருக்கும், அம்மா மாவுக் குண்டானோடு எங்கே நிற்பாள் என்று தரையில் காலால் கோடு போட்டுக் காட்டினார்.

பணத்துக்கு வழி சொன்னவர் மாமா. அம்மாவின் தம்பி. சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் சரக்கு இறக்கும் கான்ட்ராக்டரிடம் வேலை, கல்யாணம் ஆகவில்லை, வாயைத் திறந்தால் கிண்டல். பூஜை நாட்களில் மெஸ் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். அந்த ஐந்து நாளும் அப்பா வீட்டில் படுத்துத் தூங்குவதுதான் வருஷா வருஷம் வழக்கம். அப்படித் தூங்குவதற்குப் பதில் பந்தலுக்குப் பக்கத்தில் தோசை ஸ்டால் போட்டால் என்ன என்று மாமா கேட்டார். கரியாஹாட்டுக்கு உள்ளடங்கிய ஒரு தெருவில், பந்தல் போடும் கிளப்காரர்கள் ஸ்டாலுக்கு இடம் வாடகைக்கு விட்டார்கள். அப்பா எட்டாயிரம், மாமா எட்டாயிரம். லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் சரிபாதி. அப்பா மாமாவின் கையைப் பிடித்து ஒரு தடவை குலுக்கினார். எழுத்தில் ஒன்றும் கிடையாது. எழுதத் தெரிந்த ஒரே ஆளுக்குப் பதினோரு வயது.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அஷ்டமி நவமியில் எங்கள் பக்கத்தில் ஒரு துடைப்பம்கூட வாங்க மாட்டார்கள். இங்கே அந்த இரண்டு நாளும்தான் ஊர் முழுக்கத் தெருவில் இருக்கும்.

“அஷ்டமி நவமியில யாராவது ஏவாரம் ஆரம்பிப்பாகளா?”

“ஆரம்பிக்கிறது சஷ்டியிலதானக்கா” என்றார் மாமா. “அஷ்டமியில சும்மா தொடருதோம். அதுக்குப் போயி சாமி கோவிச்சுக்கிட்டா, அது நம்ம ஊருச் சாமியே இல்ல.”

சஷ்டி அன்று அறுபது மசாலா தோசை விற்றது. சப்தமிக்கு நூற்றிருபது. அஷ்டமி காலையில் தெருவே பட்டினியாக இருந்து அம்மனுக்குப் பூப் போட்டுவிட்டு வந்தது. அன்று பல வீடுகளில் மீன்கூடக் கிடையாது, சுத்த சைவம். சாயந்தரம் எங்கள் ஸ்டாலுக்கு முன்னால் நின்ற வரிசை பந்தல் வரிசையோடு போய் ஒட்டிக்கொண்டது. பின்னால் நின்ற சிலர் இது அம்மனைப் பார்க்கிற வரிசை என்று நினைத்திருக்கவும் கூடும், ஆனால் கிட்டே வந்ததும் தோசை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். எட்டு மணிக்கு மாவு தீர்ந்தது. அட்டைத் தட்டை எண்ணிப் பார்த்தேன். சரியாக இருநூற்று நாற்பது.

அப்போது எங்கள் வகுப்பில் எண் தொடர் நடந்துகொண்டிருந்தது. மூன்று, ஆறு, பன்னிரண்டு, இருபத்து நான்கு, அடுத்தது என்ன என்று கேட்பார்கள். முதலில் கையைத் தூக்குவது நான். கணக்கு நோட்டை ஸ்டாலுக்கே எடுத்து வந்திருந்தேன். லீவுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்துக்குப் பின்பக்கத்தில் எழுதினேன்: அறுபது, நூற்றிருபது, இருநூற்று நாற்பது. பிறகு கொஞ்சம் பெரிய எழுத்தில், நானூற்று எண்பது. அடியில் இரட்டைக் கோடு போட்டேன். மளிகைக் கடைக்காரர் சீட்டில் அப்படித்தான் போடுவார்.

அதே நேரத்தில் கிளப் செக்ரட்டரி தாதா வந்தார். அங்கே தாதா என்றால் அண்ணன், பயப்படத் தேவையில்லை. எங்களுக்குப் பக்கத்து ஸ்டால்காரர் கிளம்பிவிட்டார், அந்த இடம் நாளைக்கும் மறுநாளைக்கும் வேண்டுமா, நாலாயிரம், வேறொருவர் கேட்டு நிற்கிறார், இப்போதே சொல்ல வேண்டும் என்றார்.

அப்பா கையைத் துடைத்தபடி நின்றார். பெட்டியில் இருபதாயிரத்து முந்நூறு இருந்தது. மாமாவின் பங்கையும் கைமாற்றாக வைத்துக்கொண்டு, இன்றைக்குப் போல நாளைக்கும் விற்றால் அட்வான்ஸுக்குக் கிட்டத்தில் போய் நிற்கும், தொடாது. மாமாவுக்கு அன்று யார்டில் ஷிப்ட். போன் போட்டால் எடுக்கவில்லை.

“தம்பி வரட்டுமே, கேட்டுக்கிடலாம்” என்றாள் அம்மா.

நான் நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு எண்கள் புரியும், ஏன் என்பதுதான் புரியவில்லை. விளக்கினேன். ஒவ்வொரு நாளும் இரண்டு மடங்கு, ஆகவே நாளைக்கும் இரண்டு மடங்கு. ஸார் சொல்லிக்கொடுத்தது என்றேன். நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அஷ்டமி ஆகாது என்று அம்மா பயந்தது பொய்யாகிவிட்டதும் அவருக்குத் தெம்பு கொடுத்திருக்க வேண்டும். நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். இன்னொரு கல்லுக்கும், அதில் ஊற்ற ஓர் ஆளுக்கும் ஆயிரத்தைந்நூறு. அரிசி, உளுந்து, உருளைக்கிழங்கு, தேங்காய், எண்ணெய், சிலிண்டர் எல்லாம் சேர்த்து ஐயாயிரம். வாடகைக் கிரைண்டரை அம்மா நிறுத்தவே இல்லை.

நவமி காலையில் தேங்காய் வாங்க என்னை அனுப்பினார்கள். வழியில் ஆட்டுக்கறிக் கடைக்கு முன்னால் ஒரு வரிசை. பையும் கையுமாக, குளித்துத் தலை வாரி, பண்டிகை முகத்தோடு நின்றார்கள். தெரு முனை திரும்பியும் வரிசை முடியவில்லை. நான் எண்ணினேன். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற காலம் அது. ஓடி வந்து மூச்சு வாங்கச் சொன்னேன்: “காலையிலேயே அறுபத்து மூணு பேரு தெருவுக்கு வந்துட்டாங்கப்பா!”

அப்பாவுக்கும் சந்தோஷம். இத்தனை வருஷத்தில் நவமிப் பகலில் அந்த ஊர் என்ன சாப்பிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்த நாட்கள் அல்லவா. மதியத்துக்கு மேல் ஸ்டாலுக்குப் போகும் வழியெல்லாம் ஒவ்வொரு ஜன்னலிலும் குக்கர் விசில் அடித்தது, கறிக்குழம்பு வாசம் தெருவில் நின்றது. முதல் நாளிலிருந்து எங்களிடம் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பௌதி, அதாவது அண்ணி முறை, நான்கு குண்டான் மாவைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“தாதா, ஆஜ் தோ மாங்ஷோ!”

இன்றைக்குக் கறியாயிற்றே என்கிறாள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, சொல்லி முடித்ததும் நின்றுவிட்டது. அவளுக்காகவே போட்டதுபோல அப்பா ஒரு தோசை ஊற்றிக் கொடுத்தார். அவள் மறுக்கவில்லை. நின்று முழுசாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். அன்றைக்குப் போணி அதுதான்.

ஆறு மணிக்கு மாமா ஷிப்ட் முடிந்து நேராக வந்தார். இரண்டு ஸ்டால், இரண்டு கல், புது ஆள், நான்கு குண்டான். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“என்ன மச்சான், கல்யாண வீட்டு ஆர்டரா? இம்புட்டு மாவு ஆட்டச் சொன்னது யாரு?”

“நாந்தேன் மாப்ள” என்றார் அப்பா. “கூட்டம் வரும்னு பட்டுச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. மாவு தேங்கும் என்று அந்த நிமிஷம்வரைகூட நான் நினைக்கவில்லை. கூட்டம் இனிமேல்தான் வரும் என்று காத்திருந்தேன். நான் போட்ட கணக்கை அப்பா தான் போட்டதாகச் சொல்லிக்கொள்கிறாரே என்பதுதான் என் வருத்தம். திருத்துவதற்காக நோட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தேன். “போயி தண்ணி பிடிச்சுட்டு வா” என்று அப்பா குடத்தைக் கையில் கொடுத்துவிட்டார். நோட்டு ஸ்டூலின் மேல் கிடந்தது.

கூட்டம் வந்தது. அஷ்டமியைவிட இரண்டு மடங்கு என்று இன்றைக்கும் சொல்வேன். என் தொடர் அந்த அளவுக்குச் சரி. எங்களைக் கடந்து முட்டை ரோலுக்கும் பிரியாணிக்கும் கட்லெட்டுக்கும் போனது. கூட்டம் என்பது வேறு, கிராக்கி என்பது வேறு என்று இப்போது நான் முதலாமாண்டு பி.காம் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்கிறேன், அவர்களும் எழுதிக்கொள்கிறார்கள். பதினோரு வயதில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கணக்கு சரி, ஆட்கள்தான் தப்பாக நடந்துகொண்டார்கள். பிற்பாடு சில பெரிய பொருளாதாரப் புத்தகங்களைப் படித்தபோது அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டேன்.

முப்பத்தைந்து விற்றது. மறுநாள் தசமிக்குள் மாவு பொங்கிப் புளித்துக் குண்டானை விட்டு வெளியே வந்தது. ஊர் அம்மனைக் கரைக்கப் போய்விட்டது. ஊத்தப்பம் என்று பாதி விலைக்கு இருபது போனது. மீதியை அப்பாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போய் ஊற்றினார்கள். அம்மா திட்டவில்லை. “நவமி” என்று ஒரு சொல் மட்டும் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் அந்த நஷ்டத்துக்கு அதுதான் பெயர். நானும் திதியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

அதற்கடுத்த நாள் காலை எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து கணக்கு முடித்தார்கள். அப்பா பெட்டியைத் தரையில் கவிழ்த்தார். பதினோராயிரத்து அறுநூறு. போட்டது பதினாறாயிரம். நஷ்டம் நாலாயிரத்து நானூறு, ஆளுக்கு இரண்டாயிரத்து இருநூறு, ஆகவே ஆளுக்குத் திரும்ப வர வேண்டியது ஐயாயிரத்து எண்ணூறு. இது எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. அப்பா எண்ணினார். எட்டாயிரத்தை மாமா பக்கம் தள்ளினார். மூவாயிரத்து அறுநூற்றைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

மாமா அந்தப் பணத்தைக் கொஞ்ச நேரம் தொடவில்லை. அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். படித்தவன் நான் ஒருவன்தானே அங்கே. பேசினேன்.

“மாமா, நஷ்டத்துல பாதி ஒங்களுது. நீங்க ரெண்டாயிரத்து எரநூறு கூட வச்சிருக்கீங்க.”

“டேய்!” என்றார் அப்பா. அவ்வளவு சத்தமாக அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

மாமா சிரித்தார். சிரித்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார். “மச்சான், ஒங்க பய கணக்குல கெட்டிக்காரன்” என்றார். பிறகு, “இதை மடிக்க ஒரு தாளு குடுறா” என்று தாமே எட்டி என் கணக்கு நோட்டை எடுத்து, புரட்டி, ஒரு பக்கத்தைக் கிழித்து, நோட்டுகளை அதில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஹவுரா பஸ் பிடித்து, அங்கிருந்து சாந்த்ராகாச்சி லோக்கல் பிடிக்க வேண்டும் அவர்.

கெட்டிக்காரன் என்று சொன்னதை நான் அப்படியே நம்பினேன். மாட்டிக்கொண்டதால் பாராட்டிவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொண்டேன். பார்த்தால் கிழிந்த பக்கம் என் வீட்டுப்பாடம். பணமும் போய் நோட்டும் போயிற்று என்று அம்மாவிடம் அழுதேன். லீவு முடிந்து பள்ளிக்குப் போனபோது அதற்காக ஸார் என்னை வாசலில் நிற்க வைத்தார். அந்தக் கணக்கையும் மாமாவின் பெயரில் சேர்த்துக்கொண்டேன்.

ஆறடி எட்டடி அறையில் லட்சுமி பூஜைக்கு மறுநாள் ஒருவர் மோமோ கடை போட்டார். அப்பா மெஸ்ஸுக்கே திரும்பினார், இப்போதும் அங்கேதான். மாமா முன்போலவே மாதம் ஒரு ஞாயிறு வருவார். நான் மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வேன். அவர் வாங்கி வரும் சந்தேஷ் இனிப்பைத் தொட மாட்டேன். “என்ன கணக்குப்பிள்ள, எம்மேல இன்னும் பாக்கி நிக்குதா?” என்பார். நான் பக்கத்தைப் புரட்டுவேன். ஒரு வருஷமல்ல, ஐந்து வருஷம். பத்தாவது முடித்து காமர்ஸ் சேர்ந்தபோது ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்மிஷனுக்கு வைத்துக்கொள் என்றார். அவர் போன பிறகு பிரித்து எண்ணினேன். சரியாக இரண்டாயிரத்து இருநூறு. மனசாட்சி உறுத்தியிருக்கிறது, ஆனால் வட்டி போடவில்லை என்று எண்ணிக்கொண்டேன். அந்தப் பணத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகும்வரை தேவைப்பட்ட அக்கவுண்டன்சி புத்தகங்கள் எல்லாம் வாங்கினேன்.

அதில் ஒன்றில் கூட்டு வணிகம் பற்றிய பாடம் இருந்தது. கூட்டாளிகள் நஷ்டத்தை ஒப்பந்த விகிதத்தில் பிரித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு கூட்டாளி மற்றவரைக் கேட்காமல், தன்னுடைய அசட்டையால் உண்டாக்கிய நஷ்டத்தை அவர் ஒருவரே தாங்க வேண்டும், அவருடைய முதலிலிருந்து அது கழிக்கப்படும். கீழே ஒரு பயிற்சிக் கணக்கும் இருந்தது. எட்டாயிரத்திலிருந்து நாலாயிரத்து நானூறு போனால் மூவாயிரத்து அறுநூறு. புத்தகத்தில் எண்கள் வேறு, நான்தான் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பாடத்தைப் படிக்காமலேயே அப்பா அன்று தரையில் உட்கார்ந்து கணக்கைச் சரியாக முடித்திருக்கிறார். பேரில் மட்டும்தான் பிழை. அசட்டை அவருடையது அல்ல.

மாமாவுக்கு மட்டும் ஏன் முழுசாகக் கொடுத்தார் என்று அன்று சாயந்தரம் அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒங்கப்பாதான் பிடிவாதமா நின்னாரு. ‘ஒன்னயக் கேக்காம நான் செஞ்சது மாப்ள, ஒங்காசு முழுசா வந்துரணும்’னாரு. தம்பி வாங்க மாட்டேன்னுதான் ரெண்டு நாளாச் சொல்லிக்கிட்டிருந்துச்சு.”

“அப்புறம் மாமா ஏன் வாங்குனாரு?”

“வாங்காட்டி நீ விடுவியா? அங்கயே உக்காந்து யாரு கணக்கு, யாரு தப்புன்னு ஒண்ணொண்ணாக் கேப்ப. அதான் எடுத்துக்கிட்டு எந்திரிச்சிருச்சு.” ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். “நவமியன்னிக்கு நீ தண்ணி பிடிக்கப் போனீல்ல, அப்பவே ஸ்டூல்ல கெடந்த ஒன் நோட்ட அது பாத்துருச்சு.”

நான் எழுந்து போய்ப் பழைய நோட்டுகள் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். எதையும் தூக்கிப் போடாத வீடு. ஆறாம் வகுப்புக் கணக்கு நோட்டு அடியில் இருந்தது. கிழிந்த இடத்தில் தையலை ஒட்டி விரலளவு தாள் மிச்சம் நின்றது. அதில் என் வீட்டுப்பாடத்தின் ஓர் ஓரம். திருப்பினால் பின்பக்கத்தில், நானூற்று எண்பதுக்கு அடியில் பேனாவால் போட்ட இரட்டைக் கோட்டின் நுனி.

எட்டாயிரம் ரூபாயைச் சுற்ற அந்த வீட்டில் அன்று பழைய செய்தித்தாள் எவ்வளவோ கிடந்தது. மாமா ரூபாயை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகிறார் என்று நினைத்து, வாசல்வரை போய் அவரை முறைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.